ஸ்டீயரிங் சொல்லும் சேதி



நம் இல்லங்கள் பலவற்றின் முற்றத்திலோ, வீட்டை ஒட்டிய சந்திலோ உறை போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வளைகுடா நாடொன்றில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் ஒரு காலத்தில் ஆசையோடு வாங்கப்பட்ட வண்டியாக அது இருக்கும். வாங்கியவர் விடுப்பில் வரும்போது நன்றாக ஓடும். மற்ற நாட்களில் கலியாணத்துக்கும், மருத்துவமனைக்கும், மௌத்தான செய்தி கேட்டுப் புறப்படும் திடீர்ப் பயணத்துக்கும் மட்டுமே உறை நீங்கும். ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்வரை அதன்மீது எந்தக் குறையும் சொல்ல இயலாது. ஆனால் நான்குவழிச் சாலையில் ஏறி, வேகம் காட்டும் முள் 80ஐத் தாண்டும்போதுதான் ஸ்டீயரிங் கைக்குள் மெல்ல நடுங்கத் தொடங்கும். 90இல் அந்த நடுக்கம் தோள்வரை ஏறும். 110ஐத் தொட்டால் சற்றே அடங்கியது போலவும் தோன்றும்.

"பழைய வண்டி அல்லவா? அப்படித்தான் இருக்கும். எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டு" என்று பெரும்பாலோர் சொல்வர். அக்கறையோடு சொல்லப்படும் இந்த அறிவுரை, ஆபத்தான அறிவுரைகளில் ஒன்று என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். வண்டிக்கு வயதானால் வண்ணம் மங்கும், இருக்கை நைந்து போகும், கதவு கிறீச்சிடும். ஸ்டீயரிங் நடுங்குவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதற்குத் திட்டமான காரணம் ஒன்று இருக்கிறது. அக்காரணம் இருபது கிராம் ஈயம் உதிர்ந்து போனதாகவும் இருக்கலாம். உயிருக்கே உலை வைக்கும் ஒன்றாகவும் இருக்கலாம். எது என்பதைக் கேட்டறியாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்வது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு உறங்கச் செல்வதற்கு ஒப்பாகும்.

நடுக்கத்தின் கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் 155/70 ஆர்13 என்னும் அளவுள்ள டயர்கள் உள்ளன. அதன் சுற்றளவு ஏறத்தாழ 172 சென்டிமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்கு 25 மீட்டர். அப்படியானால் அந்த வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்குள் பதினான்கு முறைக்கு மேல் சுழல்கிறது.

இப்போது அந்தச் சக்கரத்தின் ரிம்மில் ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்தால் கனமே தெரியாத எடை அது. ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ எடைக்குச் சமமாகிறது. ஒரு நொடிக்குப் பதினான்கு முறை இரண்டே முக்கால் கிலோ சுத்தியலால் சக்கரத்தை மாறி மாறித் தட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஸ்டீயரிங்கில் நாம் உணரும் நடுக்கம். வேகம் பாதியாகக் குறைந்தால் இவ்விசை பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகவே குறைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் 90இல் உலுக்கும் வண்டி 110இல் அடங்குவது ஏன் என்ற வினா எழும். ஊஞ்சலைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு. அந்த ஆட்டத்துக்கு இசைவாகச் சுண்டு விரலால் தள்ளினாலும் அது உயர எழும். இசைவின்றித் தள்ளினால் எவ்வளவு வலிமையாகத் தள்ளினாலும் பயனில்லை. அதுபோலவே சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றின் தொகுப்புக்கும் இயல்பான அதிர்வு உண்டு. சக்கரத்தின் சுழற்சி அந்த அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் பெருகுகிறது. அவ்வேகத்தைக் கடந்தால் அடங்குவது போல் தோன்றுகிறது. விசை அங்கே குறையவில்லை, உண்மையில் கூடியிருக்கிறது. நம் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே "நூறுக்கு மேல் போனால் சரியாகிவிடுகிறது" என்று மகிழும் இளைஞர்களும் ஏமாந்தே போகிறார்கள்.

மதுரைப் பயணங்கள்

இக்கணக்கெல்லாம் எனக்கு ஏட்டில் மட்டும் கிடைத்தவை அல்ல. 2022ஆம் ஆண்டில் என் உம்மாவுக்குச் சர்க்கரை நோயினால் விழித்திரையில் நீர் கோத்தது. மாதம் ஒருமுறை மதுரைக்கு அழைத்துச் சென்று கண்ணில் ஊசி போட வேண்டியிருந்தது. எங்கள் ஊர் மேலப்பாளையம். திருநெல்வேலியிலிருந்து கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஃபஜ்ர் தொழுகை முடித்துப் புறப்பட்டால் மருத்துவர் வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஊசி போட்டுக்கொண்டு, கண்ணில் கட்டோடு திரும்பும் உம்மாவைப் பேருந்தில் அழைத்துவர மனம் வராது. ஆகவே வாப்பா 2006இல் வாங்கி, சில ஆண்டுகள் மச்சானிடம் இருந்து, பின் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த காரே எங்களுக்குத் துணையாயிற்று. முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார் அது.

அந்தக் கார்தான் கங்கைகொண்டானைத் தாண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் மேலே சொன்னவாறு நடுங்கிற்று.

ஆளுக்கொரு யோசனை வந்தது. நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் வீல் அலைன்மென்ட் செய்து கொடுத்தார்கள், நடுக்கம் போகவில்லை. வேறொரு கடையில் நான்கு சக்கரங்களையும் பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றி, எடை ஒட்டி, திரையில் சுழியம் காட்டும்வரை சரிசெய்தார்கள். நடுக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை. மூன்றாவதாக ஒருவர் வண்டியைச் சற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் ரேக் தேய்ந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார். மச்சானோ, "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், இனி இதில் காசைக் கொட்டாதீர்கள்" என்றார்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக, உரிய சாய்வில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அலைன்மென்ட். அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; டயரின் ஓரம் மட்டும் தேயும். ஒவ்வொரு சக்கரமும் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம எடையோடு இருக்கிறதா என்று பார்ப்பது பேலன்சிங். அது தவறினால்தான் நடுக்கம் வரும். நடுக்கத்துக்காகப் போகிறவரிடம் அலைன்மென்ட் மட்டும் செய்து அனுப்புவது பல ஊர்களிலும் நடக்கிறது. பல்வலிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த கதையாக அது முடிகிறது.

கேள்வி கேட்ட அண்ணாச்சி

நான்காவதாக நாங்கள் சென்றது, பாளையங்கோட்டைப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நாங்கள் மதுரையிலிருந்து திரும்பும் வழியில் அங்கே போனதால் உம்மாவும் வண்டியில் இருந்தார்கள். அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வண்டிய அப்புறம் பாப்போம் பாய். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

முதற்கேள்வி: நடுக்கம் எங்கே தெரிகிறது, கையிலா, இருக்கையிலா? ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களின் பக்கம் தேட வேண்டும். இருக்கையிலும் காலடியிலும் தெரிந்தால் பின்சக்கரங்களின் பக்கம் தேட வேண்டும். அம்பாசடர் போலப் பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியாக இருந்தால், நடுவே நீளமாக ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் ஐயுற வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதிக்காமலே வருகிறதா? பிரேக் மிதிக்கையில் மட்டும் நடுங்கினால் குற்றம் முன் பிரேக் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுபட்டால் பிரேக் பேட் அதைச் சீராகப் பிடிக்க முடியாமல் ஸ்டீயரிங்கை உலுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் டிஸ்க்கில் துரு பிடித்திருந்தாலும் இப்படி நேரும்.

மூன்றாம் கேள்வி: ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் இன்ஜினின் ஆற்றலை முன்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் உட்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

நான்காம் கேள்வி: ஒரே வேகத்தில் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பார்த்தீர்களா? கியரை மாற்றினால் இன்ஜின் சுழலும் வேகம் மாறுகிறது. சக்கரம் சுழலும் வேகம் மாறுவதில்லை. கியர் மாறியும் நடுக்கம் மாறாமல் இருந்தால் இன்ஜினையும் அதன் மவுண்டிங்கையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

எங்கள் வண்டியின் நடுக்கம் கையில் தெரிந்தது, பிரேக்கோடு தொடர்பில்லை, காலை எடுத்தாலும் நிற்கவில்லை, கியர் மாற்றினாலும் மாறவில்லை. ஆகவே முன்சக்கரங்களில் ஒன்று, அல்லது அவற்றைத் தாங்கும் பாகங்களில் ஒன்று. நான்கே கேள்விகளில், செலவேதும் இல்லாமல், வண்டியின் முக்கால் பகுதி குற்றமற்றது என்று தீர்ந்துவிட்டது!

இறுதியாக ஐந்தாம் கேள்வி: "இருபத்தஞ்சு, முப்பதுல மெதுவாப் போகும்போது ஸ்டீயரிங் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா அசையுதா?"

அதற்குப் பின் இருக்கையிலிருந்து உம்மாவே பதில் சொன்னார்கள். "கயத்தாறு டோல்கேட்டுல மெல்லமா போகயில வண்டி தொட்டில் மாதிரி ஆடுதே வாப்பா. போன மாசமும் ஆடிச்சே" என்றார்கள். ஒரு கண்ணில் கட்டோடு, மறு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர்களுக்கு, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களைவிட அந்த அசைவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அண்ணாச்சியின் முகம் மாறிற்று. "அம்மா சொன்னதுதான் முக்கியமான விசயம். இது ரேக் இல்ல பாய், டயரு" என்றார்.

எடைக் கோளாறு மட்டும் இருந்தால் அது வேகத்தில்தான் தெரியும். மெதுவாகச் செல்லும்போதே சக்கரம் அசைகிறது என்றால் டயரின் வடிவமோ, ரிம்மின் வடிவமோ கெட்டிருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட பொருள்.

திரும்பும் வழியில் உம்மா மெதுவாகச் சிரித்தார்கள். "கண் டாக்டரும் முதல் நாளு இப்படித்தான் கேட்டாரு. எப்ப மங்குது, எந்தக் கண்ணு, கிட்டத்துலயா தூரத்துலயான்னு. கேட்டுத்தானே கண்டுபிடிச்சாரு" என்றார்கள்.

சக்கரங்கள் இடம் மாறின

மறுநாள் அண்ணாச்சி செய்த சோதனை மிக எளிதானது, எவரும் செய்யக்கூடியது. முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் பின்னாலும், பின்சக்கரங்கள் இரண்டையும் முன்னாலும், இடம் வலம் மாறாமல் மாட்டினார். மாட்டுமுன் ஹப்பின் முகத்தில் இருந்த துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் துடைத்தார். அவ்விடத்தில் ஒரு சிறு துருக்கட்டி இருந்தாலும் சக்கரம் கோணலாக அமர்ந்துவிடும் என்று விளக்கினார். நட்டுகளை அடுத்தடுத்து முறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினார்.

பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டினோம். என்ன வியப்பு! 90இல் ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. ஆனால் இருக்கையின் அடியில் நடுக்கம் எழுந்தது! சக்கரத்தோடு சேர்ந்து நடுக்கமும் பின்னால் போய்விட்டது. ஸ்டீயரிங் ரேக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுக்கம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஆகவே குற்றவாளி ரேக் அன்று என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பட்டது. மாறாக, சக்கரங்கள் இடம் மாறிய பின்னும் நடுக்கம் கையிலேயே தங்கியிருந்தால், ஹப், பேரிங், ஸ்டீயரிங் பாகங்கள் ஆகியவற்றைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு சக்கரங்களில் எது? இடப்புறச் சக்கரத்தை எடுத்துவிட்டு, நல்ல நிலையில் இருந்த ஸ்டெப்னியை அங்கே மாட்டி ஓட்டினோம். நடுக்கம் முற்றிலும் நின்றது.

கழற்றிய சக்கரத்தைப் பேலன்சிங் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றச் செய்தார் அண்ணாச்சி. "திரையப் பாக்காதீங்க, டயரப் பாருங்க" என்றார். திரை அப்போதும் சுழியமே காட்டிற்று. ஆனால் டயரின் மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மேலெழுந்து, பக்கவாட்டிலும் நெளிந்து சென்றது. ரிம் ஆடாமல் நேராகவே சுழன்றது. முட்டை வடிவச் சக்கரத்துக்கும் எடையைச் சமன் செய்துவிட முடியும். இயந்திரம் நிறைவாகச் சுழியம் காட்டும். ஆனால் அது சாலையில் உருளும்போது குதிக்கத்தானே செய்யும்! முன்பு பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகாததன் மருமம் இதுவே.

டயரைக் கழற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உட்பக்கத் தோளில், ஒரு சாண் நீளத்துக்கு வீக்கம் இருந்தது. டயரின் ரப்பருக்குள் எஃகுக் கம்பிகளால் நெய்த பட்டைகள் உண்டு. அவ்விடத்தில் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்திருந்தது. பிறகு அறுத்துப் பார்த்தபோது கம்பிகள் துருவேறிச் செந்நிறமாக இருந்தன. இப்படிப் பிரிந்த டயர் வேகத்தில் சூடேறும். சூடு ஏற ஏறப் பிரிவு பெருகும். ஒரு கட்டத்தில் மேற்பரப்பு உரிந்து பறக்கும், அல்லது டயரே வெடிக்கும். முன்சக்கரத்தில் அது நேர்ந்தால் வண்டி எந்தப் பக்கம் இழுத்துச் செல்லும் என்று எவராலும் சொல்ல இயலாது.

டயரின் பூவோ புதிது போல் ஆழமாகவே இருந்தது! அதன் பக்கச் சுவரில் 3213 என்னும் நான்கு இலக்கங்கள் இருந்தன. 2013ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். வண்டி மச்சானிடம் இருந்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஸ்டெப்னியாகவே கிடந்து, பின்னர் முன்பக்கம் ஏறிய டயர் அது. ஓடித் தேயவில்லை, கிடந்தே முதுமை எய்திவிட்டது.

ஜாக்கி ஏற்றியிருந்த வேளையிலேயே முன்சக்கரங்களையும் அசைத்துப் பார்த்தார். இடப்புறம் சக்கரத்தின் இரு பக்கங்களைப் பற்றி ஆட்டியபோது மெல்லிய தளர்ச்சி தெரிந்தது. டை ராடு எண்ட் தேய்ந்திருந்தது. அது நடுக்கத்தை உண்டாக்கவில்லை என்றாலும், சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டு வந்தது. முன்பக்கத்துக்கு இரண்டு புதிய டயர்கள், ஒரு டை ராடு எண்ட், பேலன்சிங், இறுதியாக அலைன்மென்ட். டை ராடு எண்டைத் தொட்டால் அலைன்மென்ட் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதால் அது கடைசியில் வந்தது. ரேக்குக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

பணம் மிஞ்சியதைவிட வேறொன்றே என் நெஞ்சில் நின்றது. ரேக்கை மாற்றியிருந்தால், புதிய ரேக்கோடு அந்த டயரும் உம்மாவைச் சுமந்து மதுரைக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கும். "எண்பதுக்குள் ஓட்டு" என்பவர் பேச்சைக் கேட்டிருந்தாலும், எண்பதில் அது சூடேறிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

வரிசை அறிந்து தேடுங்கள்

எல்லா நடுக்கமும் இவ்வளவு அச்சத்துக்குரியதன்று. பெரும்பாலும் காரணம் மிக எளியதாகவே இருக்கும். ஆகவே எளியதிலிருந்து கடியதற்கும், செலவற்றதிலிருந்து செலவு மிக்கதற்கும் படிப்படியாகச் செல்வதே முறை.

முதலில் காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுப்படி நான்கிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ரிம்மின் உட்புறம். மழைக்காலத்துச் சேறு அங்கே காய்ந்து ஒட்டியிருந்தால் அதுவே எடைக் கோளாறாகிவிடும். கழுவினாலே நடுக்கம் போகும். ரிம்மில் ஒட்டியிருந்த எடை விழுந்துபோன தழும்பு தெரிந்தால் பேலன்சிங் செய்தால் போதும். பேலன்சிங்கின்போது சிறிய சக்கரம் ஒன்று 60, 70 கிராம் எடை கேட்டால், எடையை ஒட்டிக்கொண்டே போகச் சொல்லாமல், ரிம் நெளிந்திருக்கிறதா, டயர் வட்டமாக இருக்கிறதா என்று சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வண்டிகளுக்கு மற்றொரு நோயும் உண்டு. மாதக்கணக்கில் ஓரிடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதியில் டயர் தட்டையாகிவிடும். சில நாள் நின்றதால் வந்த தட்டை, இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் மறையும். பல மாதம் நின்றதால் வந்தது மறையாமலே போகலாம். வீட்டில் இருப்போர் வாரம் ஒருமுறை வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வருவதும், காற்றைக் குறையாமல் வைப்பதும் இதைத் தடுக்கும்.

தொடக்கத்தில் இல்லாமல் அரைமணி நேரம் ஓடிய பின் நடுக்கம் வந்து, ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் கை கொண்டுபோனால் வெப்பம் அடிக்கிறது என்றால், பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிஸ்க்கையும் ரிம்மையும் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். வேகம் கூடக் கூட முழங்கும் ஓசையும் சேர்ந்து வந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, மேலும் கீழும் பற்றி ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் தளர்ச்சி தெரியும். இடமும் வலமும் பற்றி ஆட்டினால் டை ராடு எண்டின் தளர்ச்சி தெரியும். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் தலையை நுழைக்கக் கூடாது. அது பட்டறையில், உறுதியான தாங்கிகளின் மேல் செய்ய வேண்டிய வேலை.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று. இதைச் சொல்லாமல் அனுப்பும் கடைகளே மிகுதி.

பயணத்தின் நடுவே முன்பில்லாத நடுக்கம் திடீரென்று தோன்றினாலோ, நிமிடத்துக்கு நிமிடம் கூடினாலோ, ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். பயணிகளைச் சாலைப் பக்கம் இறங்கவிடாமல் இடப்புறமாக இறக்கிவிட்டு, நட்டுகள் தளர்ந்துள்ளனவா, டயரில் வீக்கம் உள்ளதா என்று பாருங்கள். ஒருவேளை டயர் வெடித்தேவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வண்டி தானாக வேகம் குறையும்வரை நேராகச் செலுத்துவதே உயிர் காக்கும்.

இல்லத்தரசிகளே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. வண்டி ஓட்டாதவர்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ண வேண்டாம். ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கிறது. மனம் எதிரே வரும் லாரியில் இருக்கிறது. அருகிலும் பின்னாலும் அமர்ந்திருப்போருக்கே வண்டியின் சிறு அசைவும் புதிய ஓசையும் முதலில் தெரியக்கூடும். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், எப்போது என்று நினைவில் வைத்துச் சொல்லுங்கள். ஓட்டுபவர்களும் அதை "உனக்கென்ன தெரியும்" என்று தள்ளிவிடாமல், பட்டறையில் சொல்வதற்காக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறி அமரும் முதியோரும் குழந்தைகளும் நம்மை நம்பியே அமர்கிறார்கள். இம்மாதம் வீட்டில் எவரேனும் நெடும்பயணம் புறப்படுவதாக இருந்தால், முந்தின நாள் மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்திலும் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த டயராக இருந்தால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆண்டுதோறும் கழற்றிப் பரிசோதிக்கச் செய்யுங்கள்; பத்தாண்டைத் தொட்டதை மறுபேச்சின்றி மாற்றுங்கள். உட்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.